மதகுக்கு இந்தப் பக்கம்

பெட்டிக்குள் இறங்கவேண்டும் என்றால் பெயிண்டரம்மாவுக்கு முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும். உயரம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. துறைமுகத்துப் பளுத்தூக்கியின் உச்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கீழே நிற்பவர்களோடு ஊர்க்கதை பேசியபடி வண்ணம் பூசுகிறவள். கப்பலின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டும் பூசியிருக்கிறாள். ஆனால் பெட்டி வேறு. பெட்டி மூச்சுவிடும்.

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே வரிசையாகக் கட்டியிருந்த கான்கிரீட் அறைகளுக்குத்தான் அங்கே வேலை செய்கிறவர்கள் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். கவிழ்த்து வைத்த பெரிய டம்ளரைப் போன்ற அறை. மேலே மூடியிருக்கும். கடல் பக்கத்துச் சுவரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அகலமாக ஒரு வாய். அலை வரும்போது அந்த வாய் வழியாக உள்ளே தண்ணீர் ஏறும். ஏறும் தண்ணீர் மேலே இருக்கிற காற்றைத் தள்ளும். காற்று பின்பக்கக் குழாய்க்குள் பாய்ந்து சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மின்சாரம் எடுக்கும். அலை திரும்பிப் போனால் பெட்டி வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், அப்போதும் சக்கரம் சுற்றும். சுவரின்மேல் நடந்து போனால் காலுக்கடியில் ஏதோ பெரிய உயிர் தூங்குகிற மாதிரி உஸ்ஸென்று இழுத்து உஸ்ஸென்று விடும். புதிதாக வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெயிண்டரம்மா வேகமாக நடந்துவிடுவாள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்திச் சுத்தம் செய்வார்கள். கடல் வாய்க்கு முன்னால் கனத்த இரும்பு மதகை இறக்கி அடைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துவிட்டு, சக்கரத்துக்குப் போகும் குழாயையும் மூடிவிட்டு ஆட்களை இறக்குவார்கள். சுவரெல்லாம் மட்டியும், கல் மாதிரி ஒட்டி வளரும் கொட்டலசும் அப்பிக் கிடக்கும். அதைச் சுரண்டிவிட்டுப் பூச்சு அடிப்பது பெயிண்டரம்மாவின் வேலை. துருப்பிடித்த ஏணிப் படிகளை வெட்டி எடுத்துப் புதிது வைத்துப் பற்றவைப்பது வெல்டரின் வேலை.

அந்த வெல்டர் அவளுக்குச் சம்பந்தி. அவளுடைய ஒரே மகளை அவருடைய மூத்த மகனுக்குக் கொடுத்திருந்தாள். பேச்சை ஆரம்பித்ததே இந்த அலைமின் நிலையத்தின் சாப்பாட்டுக் கொட்டகையில்தான். அதற்கு முன்னால் இருவரும் ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு திரிந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு "வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி" என்று மரியாதை கூடிப்போய், மற்றவர்கள் கண்ணுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. வெல்டருக்கு நாக்கில் ஜோக்குக்குப் பஞ்சமே கிடையாது. எந்த இடத்தில் வேலை செய்தாலும் வாய் ஓயாது. பெட்டிக்குள் இறங்கும்போது அவர் கூட இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

அன்றைக்குக் காற்றே இல்லை. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. வானத்தில் ஒரு பிசிறு மேகம்கூடக் கிடையாது. இன்ஜினியர் மேடம் கையில் டேப்லெட்டோடு வந்து, "நாளைக்கும் காற்று இருக்காது. நல்ல நாளாப் பார்த்துத்தான் மதகை இறக்கியிருக்கோம். பதறாம செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் கரையிலிருந்த அலுவலகத்துக்குப் போனார். மூடி திறந்திருக்கும்போது மேலே ஓர் ஆள் காவலுக்கு நிற்கவேண்டும். அது ரேடியோவின் வேலை. வாக்கிடாக்கியில் பேச ஆரம்பித்தால் விடமாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

பெட்டிக்குள் இறங்க இருக்கிற ஒரே வழி அந்த மூடிதான். ஆள் நுழைகிற அளவு சதுரம், கனத்த இரும்பு, ஒரு பக்கம் கீல். மேலே தூக்கி ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே காற்றுப் போவதற்காக ஒரு பருத்த ரப்பர் குழாயை அந்த வழியாகவே தொங்கவிட்டிருந்தார்கள். வெல்டிங் ஒயரும் அதே வழிதான்.

வெல்டர் அடித்தளத்தில் உட்கார்ந்து கடைசிப் படியை வெட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டரம்மா பாதி உயரத்தில் கட்டிய பலகைமேல் நின்று சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கொட்டலசு உடைந்து முகத்தில் தெறித்தது. அழுகிய மட்டி நாற்றத்துக்கு முகமூடி ஒன்றும் செய்யவில்லை. மதகின் இரண்டு ஓரத்திலும் கசிவு இருந்தது. எவ்வளவு இறுக்கி இறக்கினாலும் கடல் ஊசி மாதிரி உள்ளே பீய்ச்சிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சத்தம் காதுக்குப் பழகிப்போயிருந்தது.

"சம்பந்தி, உங்க பொண்ணு நேத்து ஒரு புகார் குடுத்தா" என்றார் வெல்டர் கீழேயிருந்து.

"என்னவாம்?"

"என் பையன் விடுற குறட்டையில பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுறாங்களாம். நான் சொன்னேன், அம்மா, அதை ஒரு குழாய்ல விட்டுச் சக்கரத்தைச் சுத்தினா நம்ம வீட்டுக்குக் கரண்டு பில்லே வராதுன்னு."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தாள். பெட்டி அமைதியாக இருந்தது.

கசிவுச் சத்தம் இல்லை. மதகின் ஓரங்களில் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுபோயிருந்தது.

"சம்பந்தி" என்றாள். "தண்ணி நின்னுடுச்சு."

"நல்லதுதானே?"

"எப்படி நிக்கும்? வெளிய கடல் இருக்குல்ல?"

வெல்டர் முகக்கவசத்தை உயர்த்தி மதகைப் பார்த்தார். மேலே சதுர வானத்தில் ரேடியோவின் தலை தெரிந்தது. அவன் இவர்களைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே" என்றான், ஏதோ சந்தேகம் கேட்கிற குரலில். "அண்ணே, பாறையெல்லாம் வெளிய தெரியுது. தண்ணி எங்கயோ போயிட்டு..."

மதகில் இடி விழுந்தது.

சத்தம் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது, மார்பெலும்பில் கேட்டது. பலகை துள்ளி அவளைச் சுவரோடு அறைந்தது. மேலே சதுரமாக இருந்த வானம் வெள்ளையாகி மறைந்து, அந்த வழியாகத் தண்ணீர் மூட்டையாக வந்து கொட்டியது. ரேடியோவின் தலை அங்கே இல்லை. கீழே மதகின் ஒரு மூலை உள்பக்கம் மடங்கி, அந்த இடுக்கில் கடல் பச்சையாக உள்ளே பாய்ந்தது.

"ஒயரைத் தொடாதீங்க!" என்று வெல்டர் கத்தினார். கையிலிருந்ததை வீசிவிட்டு ஏணியை நோக்கித் தண்ணீரில் அளைந்துகொண்டு வந்தார். மேலேயிருந்த வெல்டிங் ஜெனரேட்டர் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று யாருக்குத் தெரியும்? அவள் பலகையிலிருந்து ஏணிக்குத் தாவினாள். இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் கழற்ற மறந்து, அது வெடுக்கென்று இழுக்க, திரும்பி அதைக் கழற்றினாள். அவள் ஏணியில் மேலே, அவர் கீழே. வேண்டுமென்று அமைந்ததில்லை. அவள் நின்ற இடம் அப்படி.

தண்ணீர் ஏற ஏறப் பெட்டியிலிருந்த காற்று முழுக்க மூடி வழியாகப் பிய்த்துக்கொண்டு போனது. அவள் தலையிலிருந்த ஹெல்மெட்டை அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் நாலு படி ஏறினால் வெளியே. அப்போது கீழே கடல் பின்வாங்கியது. ஏறியதைவிட வேகமாகத் தண்ணீர் அந்த இடுக்கின் வழியே இறங்கியது. மேலே முட்டுக்கொடுத்திருந்த கம்பியை அலை ஏற்கெனவே அடித்துக்கொண்டு போயிருக்கவேண்டும். பெட்டி மூச்சை உள்ளே இழுத்தது. மூடி அறைந்து மூடிக்கொண்டது.

ஏதோ கனமாக அவள் தோளில் விழுந்து தண்ணீருக்குள் போனது. ஏணியில் கட்டியிருந்த பேட்டரி விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தாள். காற்றுக்குழாய். அவள் தொடையளவு பருமன், உள்ளே கம்பிச் சுருள் வைத்தது. கத்தரிக்கோலில் வெட்டின மாதிரி துண்டாகக் கிடந்தது.

காதுக்குள் குத்தியது. காற்று மெலிந்ததில் பெட்டி சட்டென்று குளிர்ந்து, எங்கிருந்தோ வெள்ளையாக மூடுபனி கிளம்பி விளக்கை மறைத்தது. அவள் மீதிப் படிகளை ஏறி, இரண்டு உள்ளங்கையையும் மூடியில் வைத்துத் தள்ளினாள். மலையைத் தள்ளின மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து உறிஞ்சும் காற்று அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது.

"தள்ளுங்க!"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்!"

மறுபடி வெளியே கடல் எழுந்தது. தண்ணீர் ஏறியது. பனி ஒரே நொடியில் கரைந்து, காற்று வெதுவெதுப்பாகி, காது இன்னொரு பக்கமாக வலித்தது. மூடி தானாகவே வெடித்துத் திறந்தது. வானம்! நீலமாக, பளிச்சென்று, ஒன்றுமே நடக்காதது போல. பெயிண்டரம்மா அதைப் பார்த்தாள். அடுத்த நொடி தண்ணீர் இறங்க, மூடி மறுபடி அறைந்தது. அவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே.

இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. திறக்கும்போது போய்விடவேண்டும். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் வெளியே போனபிறகுதான் அது மூடவேண்டும். பாதியில் மூடினால்? அவள் கண் முன்னால் அந்த ரப்பர் குழாயின் வெட்டுமுகம் நின்றது.

மூடி திறந்தது. அவள் போகவில்லை.

"போங்க சம்பந்தி! போங்க!"

உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. கை ஏணியோடு ஒட்டிப்போயிருந்தது. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூடி அறைந்தது. பனி வந்தது. பனி போனது. தண்ணீர் இந்தமுறை வெல்டரின் கழுத்து வரை வந்தது; அவர் தலையை அண்ணாந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது அவளுடைய முழங்காலுக்குக் கீழே கேட்டது. மூடி திறந்தது. நீலம். அவள் போகவில்லை.

"ஏய்!" என்று அவர் கத்தினார். அது அவர் குரலே இல்லை.

அடுத்தமுறை மூடி திறந்தபோது அவள் இடுப்புப் பெல்ட்டை ஒரு கை பற்றியது. அது அவளை மேலே தள்ளப்போகிறது என்று நினைத்தாள். நன்றியோடு நினைத்தாள் என்றுகூடச் சொல்லலாம். கை கீழே இழுத்தது. ஏணியிலிருந்து பிய்த்து எடுத்து ஓரமாகத் தள்ளியது. ஒரு முழங்கால் அவள் தோளில் ஏறியது. பூட்ஸ் ஒன்று அவளுடைய வலக்கை விரல்களின்மேல் முழு எடையோடு நின்று எம்பியது. விரலுக்குள் ஏதோ முறிந்ததை அவள் கேட்டாள். அதன்பின் தண்ணீரில் இருந்தாள்.

மூடி அறைந்தது.

அந்தப் பூட்ஸ் வெளியே போய்விட்டதா, பாதியில் மாட்டியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பனி நிறைந்திருந்தது. விளக்கு அதற்குள் மஞ்சள் புள்ளியாக ஆடியது. நீச்சல் அவளுக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், குளத்தில் மிதக்கிற அளவு. தண்ணீர் இறங்கும்போது அவளையும் சேர்த்துக் கீழே கொண்டுபோய், மடங்கிய மதகின் இடுக்கை நோக்கி இழுத்தது. ஒரு கால் அந்த இடுக்குக்குள் போனது. இரும்பின் வெட்டுமுனை தொடையில் உரசியது. கடல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு வா என்று இழுத்தது. பிறகு மனம் மாறின மாதிரி விட்டுவிட்டு, அவளைத் தூக்கி மேலே எறிந்தது. ஏணி கையில் பட்டது. இடது முழங்கையை ஒரு படிக்குள் கோத்துக்கொண்டாள்.

தனியாக இருந்தாள். சாவதைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. மகளுக்கு யார் சொல்வார்கள்? அவர்தான் சொல்லுவார். மாமனார் சொல்லுவார். என்ன சொல்லுவார்? வீட்டில் மாடிக் கதவுச் சாவியை எங்கே வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாதே என்ற நினைப்பு, அந்த நேரத்தில், அத்தனை துல்லியமாக வந்தது. வீட்டுக்காரர் தூரப் பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். இப்போது ஏதாவது ஒரு நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு அவள் கத்தினாள். சம்பந்தி என்று கத்தவில்லை.

"டேய்! டேய், தொறடா! விட்டுட்டுப் போயிட்டியாடா!"

இரும்பு மூடிக்குக் கீழே அந்தச் சத்தம் அவள் முகத்திலேயே வந்து மோதியது. மூடி திறந்தது, அறைந்தது. மறுபடி திறந்தது, அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏறவேண்டும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. முழங்கை படியை விடவே இல்லை.

பிறகு சத்தம் மாறியது.

கூரையின் கடல் பக்கத்து மூலையிலிருந்து, குக்கர் விசில் கிளம்பும் முன்னால் வருகிற சீற்றம் போல ஒன்று தொடங்கியது. அது வளர்ந்தது. தண்ணீர் ஏறும்போது அந்த மூலை வெளியே ஊதியது. இறங்கும்போது உள்ளே இழுத்தது. மூடி திறந்து விழுந்தது, ஆனால் அறையவில்லை. அடுத்தமுறை இன்னும் மெதுவாக. காதுவலி குறைந்தது. பனி வரவில்லை.

மேலே காற்றுத் திறப்பு வால்வு ஒன்று இருந்தது. பெரிய கைச்சக்கரம் வைத்தது. சுவரின் மேல்தளத்தில், கடலைப் பார்த்த விளிம்பில். அதை யாரோ திறந்துகொண்டிருந்தார்கள்.

மூடியை ஒரு கை தூக்கியது. "ஏறுங்க! இப்ப மூடாது, ஏறுங்க!" அவர் முகம் வானத்தை மறைத்துக்கொண்டு தெரிந்தது. நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கில் வழிந்தது. அவள் முழங்கைகளாலும் முட்டியாலும் ஏறினாள். அவர் அவளுடைய சட்டைக் காலரைப் பிடித்து, பெல்ட்டைப் பிடித்து, மீன் மூட்டையை இழுப்பதுபோல் வெளியே இழுத்துப் போட்டார்.

"படுங்க! வருது!"

இருவரும் வால்வுச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார்கள். அலை சுவர்மேல் ஏறி அவர்கள் முதுகின்மேல் நடந்து துறைமுகத்துக்குள் விழுந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். காற்றில்லை. கடல்மேல் ஒரு நுரை இல்லை. தூரத்தில் வழவழப்பான நீண்ட மேடுகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக, அவசரமே இல்லாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தன.

ரேடியோ துறைமுகப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு உயிரோடு இருந்தான். கால் முறிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். சுவர்மேல் ஊர்ந்து ஊர்ந்து அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். துறைமுகப் படகு வந்து மூவரையும் எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு இன்ஜினியர் மேடம் வந்து அழுதார். பல நாட்களுக்கு முன்னால், கடலின் மறுகோடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு புயல் அடித்து ஓய்ந்ததாம். அங்கே கிளம்பிய அலைதான் காற்றைவிட்டுப் பிரிந்து தனியாகவே இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. "நாங்க இங்க அடிக்கிற காற்றை மட்டும்தான் பார்த்தோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெயிண்டரம்மாவுக்கு விரல் இரண்டு முறிவு, தொடையில் தையல். வெல்டருக்கு நெற்றியில் தையல். உறவுக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் அவர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கடல் தலைக்குமேல் ஏறியபோதும் விளிம்புக்குப் போய் வால்வைத் திறந்தாரே, யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்? அவருடைய மனைவி, பெயிண்டரம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை விட்டுட்டு வந்திருந்தா நான் அவரை வீட்டுக்குள்ளயே சேர்த்திருக்கமாட்டேன் சம்பந்தி" என்றாள். பெயிண்டரம்மா தலையை ஆட்டினாள்.

விரல்களில் கட்டுப்போட்டிருந்த கையைப் பார்த்து மகள் கேட்டாள். "இது எப்படிம்மா ஆச்சு?"

"ஏணியில அடிபட்டது."

"புறங்கையெல்லாம் வரிவரியா இருக்கே?"

"படி அப்படித்தான் இருக்கும். இரும்புப் படி."

அந்த வரிகள் பூட்ஸின் அடித்தடம். மகள் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடித்தால் அன்று மாலையே அவள் திரும்பிப் போகவேண்டியது எந்த மனிதரின் வீட்டுக்கு? பெயிண்டரம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. மிக்ஸி ஓடினால் வெளியே போய்விடுவாள். பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கி விழுங்கிச் சரிசெய்வாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மகள் போனில், "மாமா இப்பல்லாம் ஜோக்கே அடிக்கிறதில்லம்மா. ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கிறார்" என்று சொல்லும்போதுதான் தாங்கமுடியாமல் போனை வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் அவரே வந்தார், தனியாக. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவள் டீ வைத்தாள், இடது கையால். அவர் டீயைத் தொடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

"பொண்ணு உங்க வீட்டுல இருக்கா." டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "அதுவும் இல்லாம, நான் நகரல. நீங்க போங்க போங்கன்னு கத்துனீங்க. நான் வழியை அடைச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள்.

பெயிண்டரம்மா இத்தனை நாளாக உள்ளே போட்டு உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்னை இழுத்துப் போட்டப்ப, வால்வைத் திறக்கணும்னுதானே போனீங்க? அது மனசுல இருந்துச்சுல்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் நம்பிவிடத் தயாராக இருந்தாள். அதற்காகவே கேட்டாள்.

வெல்டர் நெற்றித் தழும்பைத் தடவினார். "வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப் பார்க்கிறேன். ஆனா..." நிறுத்தினார். "வெளிய வந்து விழுந்தேன். எழுந்தேன். கரைப்பக்கம் ஓட ஆரம்பிச்சேன் சம்பந்தி. கொஞ்ச தூரம் ஓடிட்டேன். அப்ப நீங்க கத்துனது கேட்டுச்சு. டேய்னு. அப்புறம் வால்வு கிட்ட இருந்தேன். நடுவுல என்ன நெனச்சேன்னு தெரியல. சத்தியமாத் தெரியல. மேல ஏறுறப்ப உங்களை ஆள்னுகூட நான் நெனச்ச மாதிரி ஞாபகம் இல்ல. ஏதோ வழியில இருந்துச்சு, எடுத்துப் போட்டேன்."

வெளியே தெருவில் யாரோ காய்கறி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயிண்டரம்மாவுக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை, மன்னிக்கவும் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் நல்ல மனுஷர். அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தூங்காமல் உட்கார்ந்திருந்தவர். அந்த நல்ல மனுஷருக்குள் அந்தக் கையும் இருந்தது. அவர் மட்டும் மேலே நின்று உறைந்திருந்து, கீழே கழுத்தளவு தண்ணீரில் அவள் இருந்திருந்தால்? அவள் கை என்ன செய்திருக்கும்? அதை நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை, அல்லது துணியவில்லை.

"டீ ஆறுது" என்றாள்.

அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். பிறகு அதைப்பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

மடங்கிப்போன மதகை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வார்த்தார்கள். தூரத்து அலையை முன்கூட்டியே சொல்ல நடுக்கடலில் மிதவைகள் போட்டார்கள். வெல்டர் கரைப் பட்டறைக்கு மாறிக்கொண்டார். பெயிண்டரம்மாவுக்கு வண்ணக் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். விரல் பழையபடி மடங்காது. பெட்டிக்குள் இப்போது வேறு ஆட்கள் இறங்குகிறார்கள். சுவர்மேல் போகவே வேண்டாம் என்று அவள் சுற்றுவழியில் நடக்கிறாள்.

சம்பந்தி வீடு ஆறாவது மாடியில். ஏதாவது விசேஷம் என்றால் இரண்டு குடும்பமும் கீழே லிஃப்ட் முன்னால் சேர்ந்து நிற்பார்கள். கதவு திறக்கும். உள்ளே வெளிச்சமாக, சதுரமாக, ஆறு பேர் நிற்க இடம் இருக்கும்.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்பார் வெல்டர்.

"இல்ல, நீங்க போங்க. நான் மெதுவா படியில வரேன்."

"அதெல்லாம் இல்ல, நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்."

"இந்தக் காலத்துலயும் இப்படி மரியாதை பார்க்கிற சம்பந்திங்க உண்டா!" என்று அவர் மனைவி சிரிப்பாள். மாப்பிள்ளை சிரிப்பான். மகளும் சிரிப்பாள். அவர்கள் எல்லோரும் ஏறிக்கொள்ள, கதவு மூடிக்கொள்ளும். கீழே அவரும் அவளும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்பார்கள். பிறகு அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பிப்பாள். அவளுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவாள்.